ஆமை, குடை, நிலா, சாவி

டொக் டொக். இரண்டு தட்டு.

அந்தச் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் அம்மா. இல்லாவிட்டால் நான் ஏன் இந்தப் போனை இப்படித் திறந்து திறந்து மூடுகிறேன் என்று உனக்குப் புரியாது. மதுரையில் பஸ் ஏறியதிலிருந்து பக்கத்துச் சீட்டில் நீயும் பார்த்துக்கொண்டுதான் வருகிறாய். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாயே, அதற்கே உனக்குப் புண்ணியம். இந்தக் காலத்தில் யார் கழற்றுகிறார்கள்?

ஹாஸ்டல் சுவர். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர். அதை விரல் முட்டியால் தட்டினால் உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும். இரண்டு தட்டு என்றால் 'வா'. மூன்று தட்டு என்றால் 'தூங்கிட்டியா?' ஒரே ஒரு தட்டு என்றால் 'வார்டன் வராங்க, மூச்சு விடாதே.' அவ்வளவுதான் எங்கள் பாஷை. மூன்று வருஷம் அதிலேயே பேசினோம். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை.

தட்டுகிறவள் பிலோமினா. தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக்காரி. அவள் கணக்கு, நான் தமிழ். படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது, அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். டிரங்க் கால் என்று ஒன்று இருந்தது, உனக்குத் தெரியாது. இந்த ஊரில் இருப்பவன் அந்த ஊருக்குப் பேச வேண்டுமானால் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து கம்பியைச் சொருகிவிட வேண்டும். அந்தப் பெண் பிலோ. ஊரில் யாருக்கு யார் மேல் ஆசை, எந்த வீட்டில் சம்பந்தி சண்டை, எல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். ஒன்றையும் என்னிடம் சொன்னதில்லை. "கேட்டது காதோட"ன்னு சொல்லிவிடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அருப்புக்கோட்டை போய்விட்டதா? இல்லையா. சரி. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தேன். வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

அவள் கணவர் இறந்த பிறகு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனாள். ஜெரோம். தங்கமான பிள்ளை. நான் திருச்சியில் தனியாகத்தான் இருக்கிறேன், கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பச்சை ஆப் வந்த பிறகு என்ன தனிமை? எங்கள் ஹாஸ்டல் தோழிகள் எல்லாருக்கும் அதில் ஒரு குழு இருக்கிறது. காலையில் எழுந்ததும் நான் ஒரு கவிதை எழுதிப் போடுவேன். எல்லாரும் கைகூப்புகிற பொம்மை போடுவார்கள். ஒருத்தியும் படிப்பதில்லை என்று பிலோ சொல்லுவாள். பொறாமைதான், வேறென்ன. அவளுக்கென்று தனியாக நீளமாக எழுதுவேன். அவளும் பதில் எழுதுவாள். அவள் பதிலில் காரம் இருக்கும்.

போன வருஷம் அந்தக் காரம் நின்றுபோனது. நான் ஒரு பக்கம் எழுதினால் ஒரு கட்டைவிரல் வரும். இரண்டு பக்கம் எழுதினாலும் ஒரு கட்டைவிரல். ஒருநாள் ரோஜாப்பூ வந்தது, 'இனிய காலை வணக்கம், இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக' என்று எழுத்தோடு. பிலோவா இப்படி அனுப்புவாள்? எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒருவேளை ஞாபகம் தப்புகிறதோ என்று நினைத்தேன். எங்கள் வயதில் முதலில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

ஒரு சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தரைவழிப் போன், கோயம்புத்தூர்.

"ஏட்டி வேதா, நாந்தான்."

"என்னடி, கட்டைவிரலுக்கு வாய் முளைச்சிருச்சா?"

"அது நான் இல்லட்டி."

"பின்னே?"

"என் மவன்."

"அப்போ அந்தக் கட்டைவிரல் உன்னோடது இல்லையா?"

"என் கட்டைவிரல் என் கையிலேயேதான் இருக்கு. முழுசாக் கேளு. இது கோயில் ஆபீஸ் போன், ஃபாதர் வந்துருவாரு."

விஷயம் இதுதான். யாரோ போலீஸ் என்று சொல்லி அவளுக்குப் போன் செய்திருக்கிறான். உன் பேரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, அறையை விட்டு வெளியே வராதே, யாரிடமும் பேசாதே என்று மிரட்டியிருக்கிறான். இவளும் நம்பிவிட்டாள். மகன் வந்து பார்த்துப் போனைப் பிடுங்கி அணைத்தான். கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெரோம் அவளுடைய பச்சை ஆப்பைத் தன் கம்ப்யூட்டரிலும் இணைத்துவிட்டான். அவளுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் வரும். வேண்டாததை அழிப்பான். சிலதுக்கு அவனே பதில் போடுவான். நான் எழுதின நீளக் கடிதங்கள் அவளுக்குப் போய்ச் சேரும் முன்பே காணாமல் போயிருக்கின்றன.

"இருபது வருஷம் ஊர்ப் பேச்சக் கேட்டவ நானு. கம்பில இன்னொருத்தன் இருந்தா எனக்குத் தெரியாதாட்டி? மூச்சுச் சத்தத்துலயே சொல்லிருவேன். இதுல மூச்சுச் சத்தமும் இல்ல" என்றாள்.

நான் சொன்னேன், "பிள்ளைக்கு உன் மேல அக்கறை பிலோ, அதான்."

"அக்கறதான். ஜெயிலர்க்கும் கைதி மேல அக்கறதான்."

அவளுக்கு எப்போதும் வாய் அப்படி.

பிறகுதான் நீல ஆப் விஷயத்துக்கு வந்தாள். அதற்கு ஏதோ வாயில் நுழையாத பேர். நான் நீலம் என்றுதான் சொல்லுவேன். பேத்தி தூக்கிப் போட்ட பழைய டேப் ஒன்றில் அதைப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்குப் போன் நம்பரே வேண்டாமாம். நடுவில் இருக்கிறவன்கூடப் படிக்க முடியாதாம். அந்த ஆப்பைச் செய்தவன் அதை எப்படிச் செய்தான் என்பதை ஊரே பார்க்கலாமாம், எல்லாம் திறந்து வைத்திருக்கிறானாம். ஊரே பார்க்கலாம் என்றால் அதில் என்ன ரகசியம்? அதையே கேட்டேன்.

"கிறுக்கி, சமையல்கட்டத் திறந்து வச்சிருக்கிற ஹோட்டல் மாதிரி. எப்படிச் செய்றாம்னு யாரும் போய்ப் பாக்கலாம். உன் எலையில என்ன விழுந்துச்சுன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும்."

எனக்குப் பச்சையை விட்டுப் போக மனசே இல்லை. என் கவிதையை அங்கே யார் படிப்பார்கள்? பிலோ ஒருத்திக்காக எல்லாரையும் விட்டுவிட்டு வா என்றால்? இத்தனைக்கும் நீலத்தில் எழுதினது ஏழு நாளில் தானாக அழிந்துபோகும்படி அவள் வைத்திருக்கிறாள்.

"என் கவிதையுமாடி?"

"நல்லா இருந்தா எனக்கு மனசுல நிக்கும். இல்லாட்டாப் போவட்டும்."

பார், எப்படிப் பேசுகிறாள். இருந்தாலும் போட்டேன். மாடி வீட்டுப் பையனிடமோ கடையிலோ காட்டாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், நானே தட்டுத் தடுமாறிப் போட்டேன். போட்டு முடித்த சந்தோஷத்தில் பச்சையில் அவளுக்கு எழுதினேன், 'நீலத்துக்கு வந்துட்டேன்!' என்று.

சிரிக்காதே. வேறு எங்கே எழுதுவது? அவளுக்குத் தெரிய வேண்டாமா?

ஜெரோம் அதைப் படித்துவிட்டு, "நீலம்னா என்னம்மா?" என்று கேட்டிருக்கிறான். "அவ பச்சை தவிர வேற கலர்ல சேலையே எடுக்க மாட்டா, இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று சொல்லிச் சமாளித்தாளாம். அடுத்த ஞாயிறு என்னை அந்தக் கோயில் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அன்றைக்குத்தான் அந்தப் படங்கள். நீலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பது நிஜமாகவே அவள்தானா என்று பார்க்க, இரண்டு பேர் திரையிலும் ஏழு படம் வரும். வாய்விட்டுச் சொல்லி ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே படமாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். அவள் அங்கிருந்து சொல்கிறாள், நான் இங்கே பார்க்கிறேன். ஆமை. "ஆமை" என்கிறேன். குடை. "குடை." நிலா. சாவி. ரயில். மணி. கடைசியில் நங்கூரம்.

ஆமை, குடை, நிலா, சாவி. சொல்லிப் பாரேன். எந்தப் புலவரும் உட்கார்ந்து யோசிக்காமல் தானாக வந்து விழுந்த வரி. எனக்கு உடம்பு புல்லரித்தது. அந்தச் சுண்ணாம்புச் சுவர் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. இதை யாருக்கும் சொல்லாதே என்றாள். நான் சொல்கிறவளா? யாருக்கும் சொன்னதில்லை. உனக்குத்தான் சொல்கிறேன். ஆ, அதோ அந்த முன்சீட்டு அம்மாகூடத் திரும்பிப் பார்க்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம் சில மாதம் எப்படி இருந்தது தெரியுமா? அவள் பூசைக்குப் போகிற அன்று மட்டும்தான் வருவாள், கோயில் ஹாலில்தான் அவளுக்கு வைஃபை. ஆனால் வந்தால் பிலோவாக வருவாள். என் கவிதையைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். நானும் பதிலுக்குப் பதில் எழுதுவேன். ஏழு நாளில் எல்லாம் போய்விடும். போகட்டும் என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது.

ஈஸ்டருக்கு முந்தின தவக் காலத்தில் ஒருநாள் எழுதினாள். 'மணப்பாட்டுல ஒரு மாடி வீடு பாத்துட்டேன். எக்ஸ்சேஞ்சுல எங்கூட வேல பாத்தவ வீடு. சன்னலத் திறந்தா கடலு. ஈஸ்டர் முடிஞ்சதும் கெளம்புறேன். மவன்கிட்ட போய்ச் சேந்த பெறகுதான் சொல்லுவேன். முன்னால சொன்னா விடமாட்டான், அழுவான், நானும் எளகிருவேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கு, அத நான் கதவத் தெறந்து போட்டு இருக்கணும். உங்கிட்ட மட்டுந்தான் சொல்லிருக்கேன்.'

படித்தேன். மறுபடி படித்தேன். கடல் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் இருக்கிறாள். 'நீயும் வாயேன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறதா? தேடினேன். இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சும்மா சொல்ல வந்தேன். எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது.

இது எந்த ஊர்? பந்தல்குடியா? இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டுகிறான்?

பிறகு அந்தச் சிவப்பு வந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம். நீலத்தைத் திறக்கிறேன், அவள் பேருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி. இவருடைய அடையாளம் மாறியிருக்கிறது என்று ஏதோ எழுதியிருக்கிறது. அவள் முன்னாலேயே சொல்லித்தான் இருந்தாள். "சிவப்பு வந்தா ஒண்ணும் எழுதாத. யார்கிட்டயும் கேக்காத. பொறுத்திரு. நான் கோயில் போன்ல கூப்பிடுவேன், மறுபடி படத்தச் சொல்லிப் பாப்போம்." பொறுத்திரு, பொறுத்திரு. மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்? அன்று முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். மறுநாளும் நடந்தேன். விழுந்துவிட்டாளோ? யாராவது டேப்பைப் பிடுங்கிவிட்டார்களோ? இதற்கெல்லாம் பொறுத்திருப்பதா நட்பு?

ஜெரோமுக்குப் போன் செய்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? வேறு யாருக்குச் செய்வது? பெற்ற பிள்ளை.

நான் ஒன்றும் உளறவில்லை. ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் பேசினேன். "அம்மா நல்லா இருக்காங்களாப்பா? டேப்புல ஏதோ சிவப்பா வருதே"ன்னு மட்டும்தான் கேட்டேன்.

"எந்த டேப், ஆன்ட்டி?" என்றான். குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. எவ்வளவு மரியாதையான பிள்ளை! என் முழங்கால் வலியை விசாரித்தான். நான் தனியாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டான். என் கவிதையைப் பற்றிக்கூடப் பேசினான். "உங்க கவிதையப் படிச்சா அம்மா அன்னைக்கு முழுக்க யார்கூடவும் பேச மாட்டாங்க ஆன்ட்டி. அதனாலதான் நான் சிலதைக் காட்டறதில்லை"ன்னான். ஒரு கவிதைக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும், சொல்லு. என்னிடம் அவ்வளவு நேரம் யார் பேசியிருக்கிறார்கள்? பேச்சுவாக்கில் மணப்பாடு வந்தது. மாடி வீடு வந்தது. ஈஸ்டர் வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல பேச்சு என்றால் அப்படித்தான், ஒன்றைத் தொட்டு ஒன்று வரும்.

கடைசியில் தழுதழுத்துவிட்டான். "நீங்க இல்லைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது ஆன்ட்டி. அம்மாவுக்கு சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு. அங்க தனியா விழுந்து கிடந்தா யாரு பாக்கறது?" எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் தனியாகத்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா அந்தப் பயம்?

அவனே மணப்பாட்டுக்குக் காரில் போய், அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அந்தச் சிவப்பு எதனால் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஊருக்குப் போவதற்காகப் பிலோ புதுசாக ஒரு போன் வாங்கி அதில் நீலத்தைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். போன் மாறினால் சிவப்பு வரும். அந்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டுப் படங்களைச் சொல்லியிருப்பாள். நான் மட்டும் என்ன ஜோசியமா பார்த்தேன்?

போனையும் டேப்பையும் ஜெரோம் எடுத்து வைத்துக்கொண்டான். அவன் நம்பரும் டாக்டர் நம்பரும் மட்டும் போட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். பச்சையில் எனக்கு மறுபடி ரோஜாப்பூ வர ஆரம்பித்தது. நான் கைகூப்பு போட்டேன். என்ன செய்வது?

மனசு கேட்கவில்லை. கிளம்பிக் கோயம்புத்தூருக்கே போனேன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள், பேத்தி பள்ளிக்கூடம். ஜெரோம் மட்டும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். காபி கொடுத்தான், முறுக்கு வைத்தான். "அம்மா படுத்திருக்காங்க ஆன்ட்டி. நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னேன். கொஞ்சம் களைப்பா இருக்காம்."

களைப்பாவது. பிலோவுக்குக் களைப்பா?

ஹாலில் நான் உட்கார்ந்திருந்த சோபா அவள் அறைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுவர்! சாய்ந்து உட்கார்வது போல உட்கார்ந்து, விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக். சிமெண்டுச் சுவர், அந்தப் பழைய சத்தம் வரவில்லை. ஆனால் தட்டு தட்டுதானே. வா. வா பிலோ.

ஒன்றும் இல்லை. ஃபேன் ஓடுகிறது. ஜெரோம் எதிரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறான். மறுபடி தட்டினேன். காத்திருந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

ஒரே ஒரு தட்டு. பதில் சொல்லிவிட்டாள் பார்! ஐம்பது வருஷம் கழித்தும் மறக்கவில்லை பார்! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. இன்னொன்று வரும், அது 'வா' என்று ஆகும் என்று காதைச் சுவரில் வைத்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. ஒன்றோடு நின்றுவிட்டது.

ஒரு தட்டு என்றால் வார்டன் வராங்க என்று அர்த்தம், சொன்னேன் இல்லையா? அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த வீட்டில் ஏது வார்டன்? ஹாலில் நானும் அவள் மகனும்தான் இருந்தோம்.

படித்த பெண், நீயே சொல்லு. ஞாபகப் பிசகாக இருக்கும், இல்லையா? இரண்டு தட்ட நினைத்து ஒன்று தட்டியிருப்பாள். கையில் வலு இல்லாமல் இருந்திருக்கும்.

அதைக் கேட்கத்தான் போகிறேன், வேறொன்றும் இல்லை. போன மாதம் வேளாங்கண்ணி போனேன், அப்புறம் ராமேஸ்வரம். கடல் இருக்கிற ஊராகத்தான் இருக்கும், அது நிச்சயம். இன்றைக்குத் தூத்துக்குடியில் இறங்கி அந்த எக்ஸ்சேஞ்சுக்காரியிடம் விசாரிக்கிறேன். மணப்பாட்டு வீட்டைப் பூட்டிவிட்டு அவள் இப்போது அங்கே தன் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாளாம். நீலத்தில் தினமும் எழுதுகிறேன். இதோ பார், ஒரே டிக். போகிறது, சேரவில்லை. இதை இரண்டாக்க ஏதாவது வழி இருக்கிறதா உனக்குத் தெரிந்து? ஜெரோமும் பாவம், வாரா வாரம் கேட்கிறான், "ஏதாவது வந்துச்சா ஆன்ட்டி?" என்று. கண்டுபிடித்தால் முதல் போன் உனக்குத்தான் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓ, அதை உனக்குச் சொல்லவே இல்லையே. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன பிலோமினா வீடு திரும்பவில்லை. பட்டன் போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் ஏதோ ஒரு கடைப் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டு, மருந்து மாத்திரை எல்லாம் இருக்கிறது, நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை.